இருபத்து மூன்றாம் நோன்பு

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லிக் கால்மணி நேரம் ஆகிவிட்டது. மீராள் இன்னும் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் கைகால் முகம் கழுவ வேண்டும், கழுவினால் பாயை விரிக்க வேண்டும், விரித்தால் தொழ வேண்டும். தொழலாமா கூடாதா என்பதுதான் நாலு நாளாகத் தெரியவில்லை. ஆகையினால் எழுந்திருக்காமல் இருப்பதே உத்தமம் என்று பிடித்து வைத்தாற்போல உட்கார்ந்திருக்கிறாள். மடியில் யார் வீட்டுப் பிள்ளையின் சுடிதாரோ கிடக்கிறது, பெருநாளைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, ஊரில் பாதிப் பெண்பிள்ளைகளின் துணி அவள் வீட்டு நாற்காலியில் குவிந்திருக்கிறது, வாசலில் நின்று "மாமி, எனக்கு ஆச்சா?" என்று கேட்காத வாய் இல்லை. அவர்களுக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவளுக்கல்லவா தெரியும், இருபதாம் நோன்பன்று விடியுமுன் சஹர்ச் சாப்பாட்டுக்கு எழுந்து குளியலறைக்குப் போனபோது என்ன பார்த்தாள் என்று. பதினாலு மாதம் சுத்தமாக நின்றுபோனது, ஐம்பத்து மூன்று வயதில், ஒரு காசளவு சிவப்பாகத் திரும்பி வந்து நின்றது. மாதாமாதம் வருகிற அந்தக் கணக்கு இது என்றால் தொழுகை இல்லை, நோன்பும் இல்லை, பிறகு வேறு நாளில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இல்லை, இது ஏதோ நோவினால் வருகிறது என்றால் தொழுகையும் உண்டு, நோன்பும் உண்டு. அதாவது நோன்பு செல்லுமென்றால் உடம்பில் நோவு இருக்கிறது. நோவு இல்லையென்றால் நோன்பு செல்லாது. இதென்ன கூத்து ரப்பே, ரெண்டில் எதைக் கேட்டு நான் துவாச் செய்ய என்று மீராள் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு யோசிக்கிறாள். அவளுக்கு முப்பது நோன்பும் வேண்டும், உடம்பிலும் ஒன்றும் இருக்கக் கூடாது. ரெண்டையும் சேர்த்துத் தர இடமில்லை என்று யாரோ எங்கோ முடிவு செய்துவிட்ட மாதிரி இருக்கிறது.

முப்பது நோன்பு என்றால் சும்மாவா. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு ரமலானில்கூட அவள் முழுசாக முப்பது பிடித்தது கிடையாது. எந்தப் பெண்பிள்ளைதான் பிடித்திருக்கிறாள்? ஆறு நாளோ ஏழு நாளோ ஒவ்வொரு வருஷமும் ஓட்டை விழும், அப்புறம் பெருநாள் கழிந்து எல்லோரும் பிரியாணியும் வட்டலப்பமுமாக இருக்கும்போது இவள் மட்டும் தனியாகப் பட்டினி கிடந்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டும். நின்றுபோன புதிதில் போன வருஷம் பிடித்துவிடலாம் என்று பார்த்தாள், ஆனால் அப்போது உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. அந்தச் சூடு! சும்மா உட்கார்ந்திருப்பாள், நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து வழியாகத் தலைக்கு ஏறும், முகமெல்லாம் ஜிவுஜிவு என்றாகி வேர்வை ஊற்றும், ரெண்டு நிமிஷத்தில் குளிரெடுக்கும். மின்விசிறியை வேகமாக வை என்பாள், உடனே நிறுத்து என்பாள். வீட்டுக்காரர் காதர் சாயபு, பாவம், சுவிட்சுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தூக்கம் போயிற்று. முட்டி வலித்தது. எதை எங்கே வைத்தோம் என்பது மறந்தது, அளவு எடுத்த டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வீடெல்லாம் தேடினாள். ஒன்றுமில்லாததற்கு அழுகை வந்தது. தேங்காய்ச் சில்லு கறுத்திருந்ததற்கு ஒரு நாள் ஏங்கி ஏங்கி அழுதிருக்கிறாள், சொன்னால் சிரிப்பார்கள். யாரும் இதை முன்கூட்டி அவளிடம் சொல்லவில்லை. பெரிய மனுஷியானபோது ஊரைக் கூட்டிப் பாலும் பழமும் கொடுத்தார்கள், அது நிற்கிறபோது ஒரு குஞ்சும் எட்டிப் பார்க்கவில்லை. போன ரமலானில் தலைசுற்றி விழுந்து ஏழு நோன்பு போனது. இந்த வருஷம்தான் சூடும் அடங்கி, தூக்கமும் கொஞ்சம் திரும்பி, பத்தொன்பது நோன்பு ஒரு விக்கினமும் இல்லாமல் போனது. பத்தொன்பது! அவள் மனசுக்குள் பெருமை பிடிபடவில்லை, யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் நடையில் தெரிந்திருக்கும்.

சரி, அந்தக் காசளவுச் சிவப்பைப் பார்த்ததும் முதலில் என்ன தோன்றியது? அதை நினைத்தால்தான் அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான், பொய் சொல்லி என்ன, இன்னும் முடிந்துபோகவில்லை நாம் என்று வயிற்றுக்குள் ஒரு துள்ளல். நிற்க வேண்டும் நிற்க வேண்டும் என்று இருந்தவள்தான் அவள், நின்றபிறகு கண்ணாடியில் பார்க்கையில் கன்னத்து எலும்பு துருத்தினது, இனிமேல் நாமும் கிழடு லிஸ்டில் சேர்ந்தாச்சு என்று ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அதனால் அன்றைக்கு சந்தோஷப்பட்டாள். பிறகு நோன்பு போச்சே என்று துக்கப்பட்டாள். அதற்கப்புறம்தான், சஹர்ச் சோற்றில் தயிரை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அந்த லேடி டாக்டர் போன வருஷம் என்னமோ சொன்னாரே என்று ஞாபகம் வந்து கை நின்றது. என்ன சொன்னார்? தலைசுற்றலுக்குத்தான் போனது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார், பால் குடிங்க, நடங்க, வெயில் கொஞ்சம் படட்டும் என்றார், இந்தச் சூடெல்லாம் நோவு இல்லம்மா, உடம்பு ஒரு வேலைய முடிச்சு இன்னொண்ணுக்கு மாறுது என்றார். அப்புறம் விரலை நீட்டி ஒன்று சொன்னார். ஒரு வருஷம் முழுசா வராம இருந்து, அதுக்குப் பிறகு... அதுக்குப் பிறகு ஒரு துளி பட்டாலும்... வாங்க என்றாரா, பயப்படாதீங்க என்றாரா? ரெண்டும் சொன்ன மாதிரி இருக்கிறது. முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா பாக்காம விடக் கூடாது, அப்படித்தான். இல்லை, அப்படியில்லையோ. அப்போது இவளுக்கு அடுப்பில் குக்கர் வைத்துவிட்டு வந்தோமா அணைத்தோமா என்பதிலேயே நினைப்பு, டாக்டரின் வாயைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், காதில் பாதிதான் போனது. மீதிப் பாதியை இப்போது இவளாகச் சேர்த்துக்கொள்கிறாள், ஒரு நேரம் ஒரு மாதிரி. தையல் துண்டுகளில் வெளுத்த பருத்தியாகப் பார்த்துப் பொறுக்கி மடித்து வைத்துக்கொண்டாள். ஒரு குழந்தையைப் போல ஒளித்து ஒளித்துத் துவைத்தாள். ஐம்பத்து மூன்று வயதில் இது தேவையா?

டாக்டர் பேச்சு மறந்துவிட்டது என்று இவள் சொல்லிக்கொள்வதும் முழு உண்மை இல்லை. மறக்கவில்லை, நினைக்க மாட்டேன் என்கிறாள். நினைத்தால் அங்கே ஹமீதாள் மைனி வந்து நிற்பாள். அண்ணன் பெண்டாட்டி. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவுகிற குழாயடியில், கையில் நெய் போகவில்லை என்று சோப்பைத் தேய்த்துக்கொண்டே மைனி சொன்னாள், யார் காதிலும் விழாமல், "மீரா, எனக்கு நின்னு நாலு வருஷமாச்சுல்லா, இப்ப ஒரு வாரமா திரும்பவும் படுதுட்டி." அப்போது மீராளுக்கு நாற்பத்தேழு வயது, அவளுக்கே தாறுமாறாக வந்துகொண்டிருந்த காலம், ரெண்டு மாசம் வராது, அப்புறம் பத்து நாள் கொட்டும். தெரிந்தவள் மாதிரி சொன்னாள். "இது எனக்குத் தெரியும் மைனி. எல்லாருக்கும் அப்படித்தான், விட்டு விட்டு வந்துதான் நிக்கும். வெந்தயத்த ஊறப் போட்டுக் குடிங்க." அவ்வளவுதான். மைனி முகம் தெளிந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு, வா பீடா வாங்குவோம் என்று சிரித்தாள். மைனி பத்து வெந்தயத்தை நம்பி எட்டு மாதம் கிடந்தாள். வயிற்றுவலி என்று படுத்தபிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கர்ப்பப்பையில் சதையை எடுத்துப் பார்த்தார்கள், அது பரவிவிட்டது என்றார்கள். அடுத்த ரமலானைப் பார்க்கவில்லை. இவளுக்கு மட்டும் ஏன் அந்தக் குழாயடி அழிய மாட்டேன் என்கிறது? நாலு வருஷம் நின்றபிறகு வருவதும், நிற்கப் போகிற நேரத்தில் தாறுமாறாக வருவதும் ஒன்றில்லை என்று போன வருஷம் டாக்டர் சொன்னபோதுதான் இவளுக்குத் தெரிந்தது. தெரியாமல் சொன்னது குற்றமா? தெரியும் என்று சொன்னது குற்றம். அண்ணன் இன்றைக்கும் இந்த வீட்டுக்கு வந்து டீயைக் கையில் வாங்கினால் சொல்கிற ஒரே பேச்சு, "யாருட்டயும் ஒரு வார்த்த சொல்லலியே அவ. சொல்லியிருந்தா பாத்திருப்பமே." மீராள் அப்போதெல்லாம் டம்ளரைக் கழுவப் போய்விடுவாள்.

"மாமி, தொழுதாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. மருமகள் ஷிஃபானா. மருமகள் என்று சொன்னால் பாதிதான், அண்ணன் மகள், ஹமீதாள் மைனி பெற்ற பிள்ளை. தாய் மௌத்தாகி ஒரு வருஷத்தில் மீராள்தான் பிடிவாதமாகத் தன் மகன் பாசித்துக்குக் கட்டிவைத்து இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பாசம் என்று ஊர் சொன்னது. பாசம்தான், ஆனால் அடியில் வேறொன்றும் கிடந்தது, அது மீராளுக்கும் ஆண்டவனுக்கும் தெரியும். பாசித் ஷார்ஜாவில் இருக்கிறான், இந்தப் பெண் இங்கே இவளுக்குத் தலை தேய்த்துவிடுகிறது. "இந்தா தொழப்போறேன்" என்று மீராள் சத்தம் கொடுக்கிறாள், எழுந்திருக்கவில்லை. "தைச்சதெல்லாம் போதும் மாமி, நோன்பு வெச்சிட்டு என்னத்துக்கு இந்தப் பாடு படுதிய?" என்கிறது குரல், கூடவே வெங்காயம் வதங்குகிற வாடையும் வருகிறது. ஒரு பேச்சு இவளிடம் சொன்னால் போதும். ஆனால் எப்படிச் சொல்ல? இதை வேறு எந்த மருமகளிடம் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்பாள், முடிந்தது. இவளிடம் சொன்னால் இவள் முகம் எப்படி மாறும் என்று மீராளுக்குத் தெரியும், தாயின் தலைமாட்டில் ஆறு மாதம் உட்கார்ந்திருந்த பிள்ளை, ரத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கை சில்லிட்டுவிடும். அப்புறம் உம்மா ஏன் சொல்லவில்லை, உம்மா யாரிடமும் சொல்லவில்லையே, நீங்களாவது சொன்னீங்களே மாமி என்று கட்டிக்கொள்வாள். கட்டிக்கொண்டால் மீராள் தாங்க மாட்டாள்.

பெருநாள் கழியட்டும். இன்னும் ஏழே நோன்பு. ஏழு நாளில் என்ன ஆகிவிடும்? எட்டு மாதத்தில் ஆனது ஏழு நாளில் ஆகாது. அதற்குள் நின்றாலும் நின்றுவிடும், நின்றுவிட்டால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்? மைனிக்கும் நடுவில் ஒரு மாதம் நின்றதாமே. அடச்சீ, அவளை ஏன் இழுக்கிறாய். மீராள் துணியை ஊசிக்கடியில் தள்ளி மிதிக்கிறாள், மிஷின் கடகட என்று ஓடுகிறது. அடிவயிற்றில் என்னமோ பிடித்திழுக்கிறது, பசியா, அதுவா? இடது பக்கமா, நடுவிலா? மைனி எந்தப் பக்கம் வலிக்கிறது என்று சொன்னாள்? நேற்று மதியம் ஆலிமாவுக்குப் போன் போட்டாள், வாராவாரம் பெண்களுக்கு மார்க்க வகுப்பெடுக்கிற பிள்ளை, முப்பது வயதுகூட இருக்காது, இதெல்லாம் நன்றாகச் சொல்லும். மணி அடித்தது, "அஸ்ஸலாமு அலைக்கும், சொல்லுங்க மாமி" என்றது, இவள் "உங்க மாமியார் சுடிதார் அளவு..." என்று என்னமோ உளறிவிட்டு வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு மாமியாரே கிடையாது. நாலு நாளாகத் தொழுகைப் பாயில் போய் உட்காருகிறாள், ஓதாமல் உதட்டை மட்டும் அசைக்கிறாள், குனியாமல் குனிகிறாள். தொழக்கூடாத நாளென்றால் தொழவில்லை, தொழ வேண்டிய நாளென்றால் பாய்க்காவது வந்தேன் என்று அல்லாவிடமே பேரம். அவனுக்குத் தெரியாதா இவள் பவிசு? திடீரென்று அந்தப் பழைய சூடு, சில மாதமாக எட்டிப் பார்க்காதது, நெஞ்சில் கிளம்பி மேலே ஏறுகிறது. இது அந்தச் சூடா, வெயிலா, பயமா? பயத்துக்கும் இப்படி வேர்க்குமா? முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தைத்ததை விரித்துப் பார்க்கிறாள். ரெண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி, வலது கையை இடது தோளில் சேர்த்துத் தைத்திருக்கிறாள். முப்பது வருஷத் தையலில் இப்படி ஒரு தப்பு கிடையாது. அந்தப் பிள்ளை இதைப் போட்டால் கை பின்பக்கம் திரும்பி நிற்கும். மீராளுக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்க ஆரம்பித்து அது அழுகையாகப் போகிறது. கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் பிரிக்க உட்காருகிறாள்.

பிரித்து முடிக்கவில்லை, அடுக்களையிலிருந்து ஷிஃபானா கரண்டியோடு வந்து நிலையில் நிற்கிறாள். நோன்புக் கஞ்சி ஆவி அவள் பின்னாலேயே வருகிறது. "மாமி, ஒரு கூத்து. கஞ்சிக்கு உப்புப் போட்டேனா இல்லையான்னு மறந்துட்டு. போட்ட மாதிரியும் இருக்கு, போடாத மாதிரியும் இருக்கு. யாரு பாக்க?" உப்புப் பார்ப்பது இந்த வீடுகளில் ஒரு ஏற்பாடு. அன்றைக்குத் தொழுகை இல்லாத பொம்பளை எவளோ அவள் நாக்கில்தான் ரமலான் முழுக்கக் கஞ்சியின் உப்பு இருக்கும், ஒரு வீட்டில் ஆளில்லையென்றால் அடுத்த வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள், ஒரு வெட்கமும் கிடையாது. "எனக்கு நோன்பு" என்கிறாள் ஷிஃபானா, விரலை மடக்கி. "எதிர்த்த வீட்டு மச்சிக்கும் நோன்பு, நேத்தே கேட்டேன். உங்களுக்குக் கேக்கவே வேண்டாம், இந்தத் தடவ முப்பதும் பிடிக்கப் போறிய, எங்களையெல்லாம் முந்திட்டுச் சொர்க்கத்துக்குப் போறிய." சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள், சும்மா, பேச்சுவாக்கில். "உங்களுக்கு நோன்புதான மாமி?"

ஆமாம் என்று ஒரு சொல். வாய்வரைக்கும் வந்துவிட்டது, பழக்கப்பட்ட சொல். மீராள் கையில் நூலைப் பிடித்தபடி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள்.

"தெரியல" என்கிறாள்.

"இதென்ன பதிலு? நோன்பு இருக்கா இல்லையான்னு ஒருத்தருக்குத் தெரியாதா?"

"தெரியலட்டி. எனக்குப் படுது. நாலு நாளா."

ஷிஃபானாவின் முகம், மீராள் பயந்த மாதிரியே, ஒரு நொடியில் வெளுக்கிறது. கரண்டியிலிருந்து கஞ்சி தரையில் சொட்டுகிறது, அவள் கவனிக்கவில்லை. "நாலு நாளா? நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே மாமி. நாலு நாளா யாருட்டயும் சொல்லாமலா இருந்திய? எங்க உம்மாவ மாதிரியே நீங்களும்..." கிட்டே வந்து தரையில் உட்கார்ந்து மீராளின் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். கை சில்லென்று இருக்கிறது. "ஒண்ணும் இருக்காது மாமி. ஆனா பாக்கணும். நல்லவேள, நீங்களாவது சொன்னிய. எங்க உம்மா ஒருத்தருட்டயும் சொல்லல."

இதைத்தான் சொல்வாள் என்று தெரியும், அப்படியே சொல்கிறாள். மீராளுக்கு எழுந்து டம்ளர் கழுவப் போக வேண்டும் போலிருக்கிறது. போக முடியவில்லை, முழங்காலை இவள் பிடித்திருக்கிறாள். இப்போது சொன்னால் இந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போய்விடுமோ, அண்ணன் வாசலை மிதிக்க மாட்டானோ, நோன்பு நேரத்தில் இது என்ன பேச்சு, பெருநாள் கழித்துச் சொல்லலாமே என்று மனசு நாலு பக்கமும் ஓடுகிறது, ஓடி ஓடி அந்தக் குழாயடியிலேயே வந்து முட்டுகிறது.

"சொன்னாங்க" என்கிறாள்.

"யாரு?"

"உங்க உம்மா. என்ட்ட சொன்னாங்க. ஒரு கல்யாண வீட்டுல. படுக்கதுக்கு எட்டு மாசத்துக்கு முந்தியே. நான்தான், எனக்குத் தெரியும், இது எல்லாருக்கும் வாரதுதான்னு சொல்லிட்டேன். வெந்தயம் குடிங்கன்னு சொன்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி அப்போ. தெரியாதுன்னு சொல்லியிருந்தா டாக்டர்ட்ட போயிருப்பாங்க. அண்ணன்ட்டயும் சொல்லல, உன்ட்டயும் சொல்லல, ஆறு வருஷமா."

ஷிஃபானா முழங்காலிலிருந்து கையை எடுக்கிறாள். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். வெளியே ஒரு மீன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போகிறான். அடுக்களையில் கஞ்சி அடிப்பிடிக்கிற வாடை வருகிறது, ரெண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஷிஃபானா எழுந்து உள்ளே போகிறாள், அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்கிறது, பீரோ திறக்கிற சத்தம் கேட்கிறது. திரும்பி வந்தபோது கையில் கறுப்புப் பர்தா ரெண்டு இருக்கிறது. ஒன்றை மீராளின் மடியில் போடுகிறாள். முகத்தைத் துடைத்திருக்கிறாள், மூக்கு சிவந்திருக்கிறது.

"ஆறு மணிக்கு டாக்டரம்மா வந்திருவாங்க. ஆட்டோவக் கூப்பிட்டாச்சு."

"கஞ்சி? மாமா வந்து நோன்பு திறக்கணுமே."

"பள்ளிவாசல்ல குடிச்சுக்கிடட்டும்."

மீராள் பர்தாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். கால் மரத்துப்போயிருக்கிறது, தடுமாறுகிறது, ஷிஃபானா பிடிக்க வரவில்லை, பிடிக்காமலும் இருக்கவில்லை, கையை நீட்டியபடி பக்கத்தில் நிற்கிறாள்.

"உனக்கு என் மேல கோவமா இருக்கா?"

"தெரியல மாமி" என்கிறாள் ஷிஃபானா. "கையத் தூக்குங்க, மாட்டிவிடுதேன்."